வயர் அறுந்ததற்கு சென்சரை மாற்றினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கொக்கட்டிச்சோலையிலிருந்து கல்முனைக்கு எருமைத் தயிர் ஏற்றிப் போகிறவன். விடிய 4 மணிக்குப் புறப்பட்டு மண்முனைப் பாலம் கடந்தால்தான் கடை திறக்கும் முன் சட்டிகளை இறக்கலாம். வண்டி டீசல் கெப். நெல் வெட்டு முடிந்த கையோடு ஒருநாள், பாலத்தில் வைத்தே என்ஜின் லைட் பற்றியது. இழுவையும் விழுந்துவிட்டது.

கராஜில் பழுதை இலக்கமாகக் காட்டுகிற ஸ்கேனரைச் செருகினார்கள். பீ 0183 என்று இலக்கம் வந்தது. டீசலின் சூட்டைப் பார்க்கிற சென்சர் போய்விட்டது என்றார்கள். 18,500 ரூபா கொடுத்துப் புதிது போட்டேன். மூன்றாம் நாள் அதே லைட், அதே இலக்கம். இந்த முறை வண்டியின் கம்பியூட்டர் பழுதாம். அதன் விலையைக் கேட்டதும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்காவின் மகன் மோட்டார் வேலை படித்தவன். கதையைக் கேட்டுச் சிரித்தான். "மாமா, வயர் அறுந்திருந்தா சென்சர மாத்தி என்ன செய்ய? முதல்ல வயரப் பார்ப்பம், மறுகா கம்பியூட்டரப் பேசுவம்."

அவன் விளங்கப்படுத்தியது இது. இந்தச் சென்சருக்கு இரண்டு வயர். ஒன்றில் கம்பியூட்டர் 5 வோல்ட் அனுப்பும், மற்றது எர்த்துக்குத் திரும்பும் வயர். டீசல் சூடாக ஆகச் சென்சரின் தடை குறையும், வோல்ட்டும் இறங்கும். அதை வைத்துத்தான் என்ஜினுக்குள் எவ்வளவு டீசல் அடிப்பது என்று கம்பியூட்டர் திருத்திக்கொள்கிறது, சூடான டீசல் அடர்த்தி குறைந்தது அல்லவா. வழியில் எங்காவது அறுந்தால் வோல்ட் இறங்காது. அதுதான் 0183. 5 வோல்ட் வயர் எர்த்தில் முட்டிக்கொண்டிருந்தால் 0182 வந்திருக்கும். ஆக அந்த இலக்கம் முழு சர்க்கியூட்டையும் பற்றியது. சென்சர் அதில் ஒரு துண்டு மட்டும்.

அவனுடைய சின்ன ஸ்கேனரைப் போனில் திறந்தால் டீசல் சூடு மைனஸ் 40 பாகை! மட்டக்களப்பில், பங்குனி வெயிலில்! கராஜ் திரையிலும் இதே எண்தான் நின்றிருக்கும். ஒருவரும் எனக்குக் காட்டவில்லை.

சென்சர் பிளக்கைக் கழற்றி, சாவியை மட்டும் திருப்பி, வோல்ட் அளக்கிற மீட்டரை வைத்தான். ஒரு பின்னுக்கும் வண்டி உடம்புக்கும் இடையில் 5 வோல்ட் வந்தது. ஆனால் இரண்டு பின்னுக்கும் இடையில் ஒன்றுமில்லை. அப்போதே எர்த் வயர்தான் என்றான். உறுதிப்படுத்த அந்த 5 வோல்ட் பின்னை ஒரு துண்டு வயரால் பெட்டரி நெகட்டிவில் தொட்டதும் மைனஸ் 40 பாய்ந்து 100ஐத் தாண்டியது. கம்பியூட்டருக்குக் குறையில்லை. (எந்தப் பின் என்று அளந்து பார்த்தே தொட்டான். கண்டபடி குத்தினால் உண்மையாகவே கம்பியூட்டர் போய்விடும்.)

வயரைப் பிடித்துக்கொண்டே போனால், என்ஜினுக்குப் பின்பக்கம் வளைகிற இடத்தில் எலி கடித்திருக்கிறது. வெட்டின நெல்லு மூட்டைகளுக்குப் பக்கத்தில் வண்டியை விட்டது என் பிழைதான். ஈயம் வைத்து ஒட்டி உறை போட்டான். செலவு ஒரு தேத்தண்ணீர். அடுத்த நாள் விடிய, ஸ்டார்ட் செய்யும் முன் டீசல், தண்ணீர், உள்ளே போகிற காற்று மூன்றும் 27, 27, 28 பாகை. இரவெல்லாம் நின்ற வண்டியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமாம்.

நம் பக்கத்துக் கராஜ்காரர்கள் கைகாரர்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்கேனர் வந்த பிறகு மீட்டர் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. சாமானை மாற்றும் முன் வோல்ட்டை வண்டிக்காரனுக்கு முன்னாலேயே அளந்து, இலக்கத்தையும் அளவையும் பில்லில் எழுதித் தாருங்கள். பத்து நிமிட வேலை, அதற்குக் கூலி கேட்டாலும் தருவோம்.

கழற்றிய பழைய சென்சரை நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மருமகன் அதன் தடையையும் அளந்தான்: 2 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவு. வெந்நீர்க் கோப்பையில் அமிழ்த்தினால் சில நூறு ஓமுக்கு இறங்கியது. நல்ல சென்சர்! பில்லோடு கராஜுக்குப் போனேன். மின் சாமான்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற போர்டைக் கைகாட்டினார்கள்.

இப்படிக்கு,
தயிர் வண்டிக்காரன்,
கொக்கட்டிச்சோலை.