ரங்கூன் சொந்தங்களுக்கு ஒரு நன்றி மடல்

ரங்கூனில் வைத்தியம் முடிந்து, அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் மோல்மீன் வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. எல்லாருக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் பாதியிலேயே கண் கலங்கிவிடுகிறது. அதனால் இந்த ஒரே மடல்.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுக் கட்டி, பக்கத்து ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அறுத்து எடுக்க வழியில்லை என்றார்கள். நான்கு மாதம் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தை ஏற்றினார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது கட்டி வளரவில்லை, வேறெங்கும் பரவவும் இல்லை. அப்புறம்தான் மாத்திரையோடு சேர்த்து கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கலாமா என்ற பேச்சு வந்தது.

முதல் நன்றி சயாமாவுக்கு. "இதனால் ஆயுள் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றுதான் அந்த டாக்டரம்மா ஆரம்பித்தார். இதே மாதிரிக் கணையப் புற்று உள்ளவர்களை வைத்துச் செய்து 2016-இல் வெளியான லேப்-07 என்ற ஆய்வில், கீமோவோடு கரண்டும் வைத்துக்கொண்டவர்கள் கீமோவை மட்டும் தொடர்ந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லையாம். ஆனால் நோய் அதே இடத்தில் முற்றியது கீமோ மட்டும் எடுத்தவர்களில் 46 சதவீதம், கரண்டும் வைத்தவர்களில் 32 சதவீதம். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு எண்ணையும் எழுதிக் காட்டினார். அப்பா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இருக்கிற இடத்திலேயே அடங்கிக் கிடந்தால் போதும், வையுங்கள்" என்றார். பொய் நம்பிக்கை தந்திருந்தால் அவர் அப்படித் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

மொத்தம் 28 தடவை, ஒரு தடவைக்கு 1.8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்தரை வாரம். கரண்ட் வைக்கிற நாளெல்லாம் காலையும் மாலையும் கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை. கரண்டில் அடிபட்ட புற்றுச் செல் தன்னைச் சரிசெய்துகொள்ள விடாமல் அந்த மாத்திரை தடுக்குமாம்.

இதில் ஒரு சிக்கல். சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் மாத்திரையைப் போட வேண்டும். மெஷினில் படுக்கும்போதோ மூன்று மணி நேரமாக வயிறு காலியாக இருக்க வேண்டும். ரங்கூனில் நாங்கள் தங்கியிருந்த தாம்வே வீட்டு அத்தைதான் வழி கண்டுபிடித்தார். விடியற்காலை ஐந்தரைக்குக் கஞ்சி, ஆறுக்கு மாத்திரை, ஒன்பதரைக்கு மெஷின். கரண்ட் போன இருட்டிலும் (இது வீட்டுக் கரண்ட்!) மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு கரி அடுப்பை ஊதுவார். முன் அறையை எங்களுக்கு விட்டுவிட்டு அவர் கூடத்தில் பாய் போட்டுப் படுத்ததை நான் மறக்க மாட்டேன்.

மெஷின் அறைத் தம்பிக்கும் நன்றி. கரண்ட் வைக்கிற இடத்துக்கு அடையாளமாக வயிற்றில் மையால் போட்ட கோடு அழிந்துவிடும் என்று அப்பா நான்கு நாள் குளிக்கவே இல்லை. தம்பி அவர் விரலைப் பிடித்து, பச்சை குத்திய மூன்று சின்னப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டி, "இவை போகாது தாத்தா, கோட்டை நான் திரும்பப் போட்டுக்கொள்கிறேன், நீங்கள் குளியுங்கள்" என்றார். அன்று சாயங்காலமே குளியல். எங்களுக்கும் பெரிய நிம்மதி.

மழையில் தினமும் வாசலில் காத்திருந்த சைக்கா (மிதிவண்டி ரிக்ஷா) அண்ணன், வாந்தி அதிகமான மூன்றாவது வாரம் ராத்திரியில் கடையைத் திறந்து மருந்து கொடுத்த மாமா, கோயிலிலிருந்து சாதம் அனுப்பிய பெண்கள், எல்லாருக்கும் எங்கள் கும்பிடு.

இப்போது முதுகுவலி குறைந்திருக்கிறது. உள்ளங்கைத் தோல் இன்னும் உரிகிறது. சாப்பாட்டோடு, செரிப்பதற்கான என்சைம் மாத்திரை போட்டுக்கொண்டு, கொஞ்சமாக மீன் குழம்பு கேட்கிறார். அடுத்த ஸ்கேனுக்கு ரங்கூன் வருவோம்.

இரண்டு டிபன் கேரியர் தவறுதலாக எங்களோடு வந்துவிட்டன. ஒன்றின் மூடியில் ஆணியால் 'க' என்று கீறியிருக்கிறது. யாருடையது என்று சொல்லி அனுப்புங்கள், வரும்போது கொண்டு வருகிறேன்.