தண்ணீர் டம்ளரை வெட்டிவிட்டு அனுப்பிய ஓவியப் பிரதி: மாற்றித் தரக் கோரிக்கை

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: வெட்டி அச்சிடப்பட்ட ஓவியப் பிரதி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கிள்டன் காப்லி 1765-இல் வரைந்த 'பறக்கும் அணிலுடன் சிறுவன்' ஓவியத்தின் கேன்வாஸ் பிரதியை என் மகளின் பிறந்தநாளுக்காக உங்களிடம் வாங்கினேன். அவள் எண்ணெய் வண்ணம் பழகிக்கொண்டிருக்கிறாள். 24-க்கு 20 அங்குலம் கேட்டுப் பணம் கட்டினேன். வந்தது 20-க்கு 20. சதுரச் சட்டத்துக்காகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, கீழ்ப்பக்கத்தை வெட்டியிருக்கிறீர்கள். மேசையில் பெரும்பகுதியும் அதன் மேலிருந்த தண்ணீர் டம்ளரும் போய்விட்டன.

போனில் பேசிய உங்கள் ஊழியர், "பையன் முகம் முழுசா இருக்கே சார், மேசைதானே போயிருக்கு" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் அந்த மேசையைக் காட்டத்தான் மகளுக்கு இதை வாங்கினேன். பளபளக்கும் மஹோகனிப் பலகை, அதில் தெரியும் நிழல், டம்ளருக்குள் தண்ணீர், அணிலின் தங்கச் சங்கிலியைப் பிடித்த விரல்கள் என்று ஒவ்வொன்றிலும் காப்லி தன் திறமையைப் பந்தயம் வைத்திருக்கிறார். பாஸ்டனில் இருந்த அவருக்குப் பெரிய ஓவியர்களின் படைப்புகளை நேரில் பார்க்க வழியில்லை. பெரும்பாலும் அச்சுப் படங்களைப் பார்த்தே கற்றவர். தன் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று லண்டன் சொல்லட்டும் என்று, ஒரே தாய் வயிற்றுத் தம்பி ஹென்றி பெல்ஹாமை உட்காரவைத்து வரைந்து, கப்பலில் அனுப்பினார். 1766-இல் அங்கே கண்காட்சியில் வைத்தார்கள். புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வியந்து பாராட்டினார். கோடுகள் தூக்கலாகத் தெரிகின்றன என்று லண்டனில் இருந்த அமெரிக்க ஓவியர் பெஞ்சமின் வெஸ்ட் குறையும் சொன்னார். அப்படி அவர்கள் நுணுகிப் பார்த்த படத்தில் முகம் மட்டும் போதும் என்று நீங்கள் முடிவு செய்யலாமா?

அப்புறம், பின்பக்க ஒட்டுச்சீட்டில் 'இங்கிலாந்துச் சிறுவன்' என்றிருக்கிறது. ஹென்றி பாஸ்டன் பையன். காப்லியே 1774-இல்தான் அமெரிக்காவை விட்டுக் கிளம்பினார். மூல ஓவியம் இன்றும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

நிறங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன, அந்தச் சிவப்புத் திரை உட்பட. அதனால்தான் பணத்தைக் கேட்காமல் மாற்றுப் பிரதி கேட்கிறேன். மூலத்தின் அளவு ஏறத்தாழ 77-க்கு 64 செ.மீ.; 24-க்கு 20 அங்குலத்தில் எதையும் வெட்டாமலே அடங்கும். ஒட்டுச்சீட்டையும் திருத்தி, 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் அனுப்புங்கள். முடியாதென்றால் முழுத்தொகையையும் திருப்பித் தாருங்கள். வந்த பிரதியின் புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.

பிறந்தநாள் முடிந்துவிட்டது. படத்தை மகளிடம் இன்னும் காட்டவில்லை, பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்