நிழற்குடை ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிஜிட்டல் வரைபடங்கள் பற்றிப் போன வாரம் நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். சாட்டிலைட், டிரோன், முப்பரிமாணம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அரசுப் பேருந்தில் 26 வருடம் நடத்துநராக இருந்து ரிட்டயர் ஆனவனுக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: அந்த வரைபடங்களில் பஸ் எங்கே?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. போன மாதம் எங்கள் பஸ் ஸ்டாண்டில், பரீட்சை எழுத வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் போனைப் பார்த்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். அவள் போக வேண்டிய கல்லூரி வந்தவாசி ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர். மேப் அவளை நடந்து போகச் சொல்கிறது, ஏறக்குறைய இரண்டு மணி நேரம்! அவளுக்குப் பின்னால் பத்தடியில் ஷேர் ஆட்டோக்காரர் "இன்னும் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதே ரோட்டில் டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் பொழுது விடிந்தால் பொழுது போனால் ஓடுகின்றன, ஆனால் போனைக் கேட்டால் அப்படி எதுவுமே கிடையாது.

வழி தெரியாமல் ஒருத்தி தவித்ததோடு இது முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நிழற்குடை எங்கே, ரவுண்டானா எங்கே, பஸ் ஸ்டாண்டை எங்கே மாற்றலாம் என்பதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் வரைபடத்தை விரித்துவைத்துத்தான் பேசப்படுகிறது. அதில் ரோடு இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. ஜனங்கள் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்பது மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் பளபளவென்று ஒரு நிழற்குடை கட்டினார்கள். ஆனால் மூன்று கிராமத்து வழியும் வந்து சேருவது இருநூறு மீட்டர் தள்ளி, ரைஸ் மில் வாசலில். ஆட்கள் இன்றைக்கும் அங்கேதான் வெயிலில் நிற்கிறார்கள். நிழற்குடையில் ஆடு படுத்திருக்கிறது. (ஆட்டுக்கு நிழல் வேண்டாமா என்றால் அதுவும் நியாயம்தான்.)

கென்யாவின் நைரோபியிலும் இதே கதைதான். அங்கே ஊரைச் சுமப்பது மட்டாட்டு என்கிற தனியார் வேன்கள். ரூட்டெல்லாம் டிரைவர், கண்டக்டர் தலைக்குள்தான் இருந்தது. நைரோபி பல்கலைக்கழகத்து மாணவர்கள், அமெரிக்காவின் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, போனும் கையுமாக வேன் வேனாக ஏறிப் போய்த் தடத்தைப் பதிந்தார்கள். 130-க்கும் மேற்பட்ட ரூட். 2014-இல் அதை வரைபடமாகவும், யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று தரவாகவும் வெளியிட்டார்கள். மறு வருடம் கூகுள் மேப்பிலும் ஏறியது. வரைந்து பார்த்தால், கிட்டத்தட்ட எல்லா வண்டியும் நகரத்தின் நடுவுக்கே வந்து முட்டுகிறது, ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நேராகப் போக வண்டி அபூர்வம். இதைக் கண்ணால் பார்த்த பிறகுதானே புது ரூட் பற்றிப் பேசவே முடியும்?

இது பெரிய ராக்கெட் வித்தையும் இல்லை. பஸ் தகவலை எழுதிவைக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் என்கிற முறை, 2005 வாக்கில் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது, பிரித்துப் பார்த்தால் நாலைந்து அட்டவணைகள்தான்: எந்த ஸ்டாப், எந்த ரூட், எந்த டிரிப், எத்தனை மணிக்கு. நான் தினமும் டிரிப் ஷீட்டோடு மாரடித்தது வேறென்ன? ஸ்டாப்பின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும்தான் எனக்குப் புதிது. சென்னையில் பஸ் எங்கே வருகிறது என்று ஆப்பில் பார்க்கிறார்கள், சந்தோஷம். எங்கள் பக்கம் பஸ் இருக்கிறது என்பதையே இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, புலம்பினால் ஆகாது என்று நானே ஆரம்பித்துவிட்டேன். ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்று ஒன்று 2004-இலிருந்து இருக்கிறது, விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். மூன்று ரூட்டில் போய் நான் போனில் குறித்துவந்தேன், பேரன் உட்கார்ந்து ஏற்றினான். மொத்தம் 41 ஸ்டாப், எல்லாம் தமிழ்ப் பெயரில். 'டாக்கீஸ் ஸ்டாப்' வந்தபோது அவன் கையை எடுத்துவிட்டான். "தாத்தா, அங்க டாக்கீஸே இல்லையே?" இடித்து முப்பது வருடம் ஆகிறது. "நீ போடுடா, ஜனங்க அந்தப் பேரைச் சொல்லித்தான் இறங்குது" என்றேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். டெப்போக்களில் இருக்கும் ஸ்டேஜ் பட்டியலையும், மினி பஸ் பர்மிட்டில் இருக்கும் வழித்தடத்தையும் ஒரு எக்செல் கோப்பாகவாவது இணையத்தில் போடச் சொல்லி எழுதுங்கள். ஷேர் ஆட்டோ ரூட் எந்தக் காகிதத்திலும் இருக்காது, அதை ஏறிப் போய்த்தான் பதிய வேண்டும். முழங்கால் வலி கொஞ்சம் குறைந்ததும் அதற்கும் கிளம்புகிறேன், பேரனுக்கும் அப்போது லீவு.

— ஓய்வுபெற்ற நடத்துநர், செய்யாறு