திசை மாறிய வாழ்வும் திலகவதியாரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையிழப்பு, மணமுறிவு, பணி ஓய்வு என வாழ்க்கை சட்டென்று திசை மாறும்போது ஆன்மிகத்தின் பெயரால் நம்மவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே: ‘எல்லாம் விதிப்படி’ என்ற ஆறுதலும், இன்ன கோயிலில் இன்ன பரிகாரம் என்ற பட்டியலும். குருப்பெயர்ச்சிப் பலன்களுக்குத் தங்கள் நாளிதழ் ஒதுக்கும் பக்கங்களை நான் குறைகூற வரவில்லை. என் ராசியைப் பார்த்துவிட்டுத்தான் நானும் மற்ற செய்திகளுக்குப் போகிறேன். ஆனால், சைவ மரபு காட்டும் இதைவிடத் திடமான வழி ஒன்று போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் ஆதங்கம்.

பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்த திலகவதியார், அப்பர் பெருமானின் தமக்கை. பெற்றோர் அடுத்தடுத்து மறைந்த நிலையில், தமக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார் என்று அறிந்து உயிர்விடத் துணிந்த அவர், தம்பி மருள்நீக்கியாரின் (பின்னாளில் அப்பர்) கதறலுக்காகவே அம்முடிவைக் கைவிட்டார் என்கிறார் சேக்கிழார். யாருக்காக உயிர் தாங்கினாரோ அந்தத் தம்பியும் பின்னர் சமணத்தில் சேர்ந்து தருமசேனராகிவிட, திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, பொழுது புலருமுன் கோயிலை அலகால் பெருக்குவதும், சாணத்தால் மெழுகுவதும், பூக்கொய்து மாலை தொடுப்பதுமாகத் தம் நாள்களை அமைத்துக்கொண்டார். தம்பியைப் பற்றிய கவலை அப்போதும் தீர்ந்துவிடவில்லை. அதை இறைவனிடம் முறையிட்டுக்கொண்டேதான் பணியைச் செய்தார். சூலைநோய் எனும் கடும் வயிற்றுவலி தாளாமல் தருமசேனர் ஓர் இரவில் திரும்பி வந்தபோது, திருநீறு அளித்து, அலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம் வழக்கமான பணிக்குப் புறப்பட்ட அதே வேளையில்தான் அவரையும் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அப்பரின் கையில், கோயிலில் புல் செதுக்கும் கருவியான உழவாரப்படை நிலைத்ததற்கு அந்த அக்காளின் துடைப்பமே முன்னோடி என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2021இல் 60 ஆக உயர்த்தப்பட்டது. அலுவலக நேரத்தை ஒட்டியே வாழ்ந்து பழகியவர்கள், ஓய்வுக்குப் பின் கோயிலுக்கு வந்து, பிராகாரத்தைச் சுற்றி, சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். வேலையிழந்த இளைஞர்களையும் அங்கே பார்க்க முடிகிறது. இவர்களுக்குத் தரிசனத்தைவிட, நாளை காலை இத்தனை மணிக்கு வரவேண்டும் என்ற ஒரு பொறுப்பு கூடுதலாக உதவக்கூடும்.

கோயில்களைத் தூய்மை செய்யும் உழவாரப்பணிக் குழுக்கள் பல ஊர்களில் சிறப்பாக இயங்கினாலும், எங்கே, என்று, யாரிடம் பெயர் கொடுப்பது என்பது புதிதாக வருபவருக்குத் தெரிவதில்லை. எனவே இந்து சமய அறநிலையத் துறை, ஒவ்வொரு கோயில் அலுவலகத்திலும் இவ்விவரங்களை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கவும், ஆள் வரத்து குறைந்த சிற்றூர்க் கோயில்களுக்கு இப்படி வருவோரை அனுப்பிவைக்கவும் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பண்ருட்டி.