ரயில் தொடர் எடுப்பவர்களுக்கு பேசின் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு மடல்

தொலைக்காட்சிக்கும் ஓடிடி தளங்களுக்கும் ரயிலை வைத்துத் தொடர் எடுக்கும், இனி எடுக்கப்போகும் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும், முக்கியமாக ஒலிக்கலவை அறையில் உட்காரும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் ரயில் கிறுக்கர்கள். வியாசர்பாடி, பெரம்பூர், கொருக்குப்பேட்டை, ராயபுரம் என்று தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்தவர்கள். எங்களில் ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் இருக்கிறார். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் காலேஜ் பையன்கள் நாலைந்து பேர். திரையில் ரயில் வந்துவிட்டால் எங்களுக்குக் கதை கண்ணில் படாது. கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள், நாங்கள் அவளுக்குப் பின்னால் நிற்கும் எஞ்சினின் பக்கவாட்டில் எந்த ஷெட் (எஞ்சினைப் பராமரிக்கும் இடம்) பெயர் எழுதியிருக்கிறது என்று தேடுவோம். ராயபுரமா, ஈரோடா, அரக்கோணமா? வீட்டில் இதற்காகவே தனியாகத் திட்டு விழும்.

இப்படிப்பட்டவர்கள் ஒரு தொடரைப் பார்த்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை உங்கள் காதில் போட்டுவைக்கத்தான் இந்த மடல்.

ஹிஸ்டரி சேனலில் 2008ஆம் ஆண்டு ‘எக்ஸ்ட்ரீம் ட்ரெயின்ஸ்’ என்று ஓர் அமெரிக்கத் தொடர் வந்தது. தொகுத்து வழங்கிய மாட் பௌன் அங்கே ரயிலில் கண்டக்டராக வேலை செய்தவர். பென்சில்வேனியா மலையில் 1854இல் திறந்த ஹார்ஸ்ஷூ கர்வ் வளைவில் நிலக்கரி வண்டியை ஏற்றிக்கொண்டுபோகும் காட்சியை இன்றைக்கும் எங்கள் பையன்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். எங்களுக்குள் பெரிய சண்டையே அந்தத் தொடரை வைத்துத்தான். லோகோ பைலட் அய்யா அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். “இந்த ஆளு எதுக்குப்பா எல்லாத்துக்கும் கத்துறான்? எஞ்சின்ல ஏறுறதுக்குக் கத்துறான், கப்ளிங் மாட்டுறதுக்குக் கத்துறான். நான் 30 வருஷம் ஓட்டுனேன், ஒரு நாள் கத்துனது கெடயாது” என்பார். பையன்கள் விடமாட்டார்கள். “அவர் கத்துனதாலதான் அய்யா நாங்க பார்த்தோம். அந்த ஆளு வண்டிமேல வச்சிருக்கிற ஆசை உண்மையானது” என்பார்கள்.

என் கட்சி கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே. ரயிலில் வேலை செய்த ஒருவனைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள் பாருங்கள், அதற்கு அவர்களைக் கும்பிடலாம். வேலைக்காரனின் கண் எங்கே போக வேண்டுமோ அங்கே போகிறது. ஆனால் அந்தக் கண்ணை நம்பாமல், ‘இந்த வண்டி நேரத்துக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா’ என்ற தோரணையில் ஒரு நெருக்கடியை ஊதிப் பெருக்கி விளம்பர இடைவேளைக்குப் போவதுதான் எரிச்சல். உங்களுக்கு நான் சொல்ல வருவதும் இதுதான். ரயிலில் பரபரப்பு ஏற்கெனவே இருக்கிறது. அது அங்கே நடக்கும் வேலைக்குள் இருக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்ட வேண்டியதில்லை.

சத்தத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அதிகம் வலிப்பது அங்கேதான். மின்சார எஞ்சின் கிளம்புகிறது, பின்னணியில் நீராவி எஞ்சினின் ‘கூ...’ ஊதல். இந்தியாவில் பிராட்கேஜில், அதாவது அகலப் பாதையில், வழக்கமான நீராவி ஓட்டம் 1995 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்த ஊதல் மட்டும் உங்கள் ஒலிக் கிடங்கில் சாகாமல் இருக்கிறது. சென்ட்ரலில் நிற்கும் டபிள்யூஏபி-7 எஞ்சின் பக்கத்தில் ஒரு தடவை போய் நில்லுங்கள். வண்டி நகரும்போது மோட்டாரிலிருந்து ஒரு ரீங்காரம் சுதி பிடிப்பதுபோல் படிப்படியாக ஏறும். எந்த இசையமைப்பாளரும் அதைக் கேட்டுவிட்டு விடமாட்டார். பழைய ஆல்கோ டீசல் என்றால் அது வேறு ஜாதி, நின்ற இடத்திலேயே குமுறிக்கொண்டிருக்கும். பின்னால் வந்த ஈஎம்டி டீசலோடு அதைக் குழப்பினால் எங்கள் ஃபிட்டர் அண்ணன் டீவியை அணைத்துவிட்டு எழுந்துபோய்விடுவார்.

அடுத்தது ‘தடக் தடக்’. பிராட்கேஜில் ஒரு தண்டவாளத் துண்டின் வழக்கமான நீளம் 13 மீட்டர். துண்டுக்குத் துண்டு ஃபிஷ்பிளேட் என்ற இணைப்புப் பட்டை போட்டு முடுக்கியிருந்த காலத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் தட்டும். அதை வைத்து நாங்கள் வேகம் கணக்குப் போடுவோம். காலடியில் கேட்கும் ‘தடக்-தடக்’ ஜோடியை ஒன்று என்று வைத்துக்கொண்டு 47 நொடி எண்ண வேண்டும். எத்தனை வந்ததோ, வண்டி மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகம். 13ஐ 3.6ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏன் 47 என்று புரியும். இன்றைக்கு முக்கியப் பாதைகளில் தண்டவாளத்தை நீளத்துக்குப் பற்றவைத்துவிட்டார்கள். அந்தத் தட்டல் போய்விட்டது. வந்தே பாரத் பறக்கும் காட்சிக்கு நீங்கள் ‘தடக் தடக்’ போடும்போது நாங்கள் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஒரு தடவை கணக்குப் பார்த்தால் 30ஐத் தாண்டவில்லை.

அந்தச் சத்தம்தான் வேண்டும் என்றால் சென்ட்ரலை விட்டு வண்டி பேசின் பிரிட்ஜை நெருங்கும்போது மைக்கை நீட்டுங்கள். பாயிண்டுக்கு மேல் பாயிண்ட், அதாவது வண்டி பாதை மாறும் இடங்கள். கிராசிங்கில் ஒவ்வொரு பெட்டியும் அடித்துக்கொண்டு போகும். எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.

படத்தில் நடக்கும் சின்னச் சின்னக் கோளாறுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூர் வண்டி, அதைச் சென்ட்ரலிலிருந்து கிளப்பாதீர்கள். 1970களில் நடக்கும் கதையில் நீலப் பெட்டி வருகிறது. அன்றைக்குப் பெட்டிகள் அரக்குச் சிவப்பு. 1960களில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் மாட்டுவண்டி போகிறது, அதற்குப் பின்னால் ரயில் பாதையில் வரிசையாக மின்கம்பம். கிளம்பும்போது திருகு கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) உள்ள பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டியாக இருந்தது, போய்ச் சேரும்போது புது எல்ஹெச்பி வகையாக மாறிவிடுகிறது. ரயில்வேயில் படம் எடுக்க அனுமதி வாங்குவதும் கட்டணம் கட்டுவதும் எவ்வளவு பாடு என்பது தெரியும். கிடைத்த வண்டியைத்தான் எடுப்பீர்கள். அதனால் இவற்றுக்காக உங்களோடு மல்லுக்கு நிற்கப் போவதில்லை. (ஃபிட்டர் அண்ணன் நிற்பார். அவர் சார்பில் நான் உறுதி தர முடியாது.)

ஆனால் சங்கிலி இழுக்கும் காட்சிக்கு மல்லுக்கு நிற்பேன். நாயகன் ஓடிவருகிறான், யாரோ சங்கிலியை இழுக்கிறார்கள், ‘கிரீச்’, வண்டி இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அவன் ஏறியதும் உடனே கிளம்பிவிடுகிறது. உண்மையில் நடப்பது இதைவிட எவ்வளவு நல்ல காட்சி தெரியுமா? வண்டியின் தலை முதல் வால் வரை ஒரு குழாயில் காற்று 5 கிலோ அழுத்தத்தில் நிரம்பியிருக்கும். அழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விட்டிருக்கும். சங்கிலியை இழுத்தால் அந்தக் காற்று வெளியேறும், அழுத்தம் இறங்கும், பிரேக் பிடிக்கத் தொடங்கும். எஞ்சினில் இருப்பவர் கேஜில் முள் இறங்குவதைப் பார்ப்பார். யார், ஏன் என்று அவருக்குத் தெரியாது. மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிற வண்டி நிற்பதற்குள் பல நூறு மீட்டர் ஓடிவிடும். பிறகு எந்தப் பெட்டியில் இழுத்தார்கள் என்று விளக்கைப் பார்த்துத் தேடி, ஜல்லியில் இறங்கி நடந்து, வால்வைச் சரிசெய்து, காற்று திரும்ப ஏறிய பிறகுதான் வண்டி நகரும். அவ்வளவு நேரமும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சங்கிலி இழுத்தவன் மட்டும் ஒன்றும் தெரியாதவன்போல் உட்கார்ந்திருப்பான். இந்த நிமிடங்களை வைத்து ஒரு முழு எபிசோடே எழுதலாம். நீங்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘கிரீச்’ ஒன்றை வைத்துக்கொள்கிறீர்கள்.

எஞ்சின் கேபினையும் அப்படித்தான் வீணடிக்கிறீர்கள். ஒருவர் ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் எதையோ பிடித்துக்கொண்டு முறைத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். கேபினில் இரண்டு பேர் உண்டு. ஒவ்வொரு சிக்னல் வரும்போதும் உதவி லோகோ பைலட் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்வார், லோகோ பைலட் அதைத் திருப்பிச் சொல்வார். பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு. ராத்திரி மூன்று மணிக்கு, ஊர் முழுக்கத் தூங்கும்போது, ஒருவரையொருவர் தூங்கவிடாமல் இரண்டு குரல் மாறி மாறி நிறம் சொல்லிக்கொண்டே போகும். இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலை எச்சரிக்கையாக எதிர்பார்க்க வேண்டும், ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலிலேயே நிற்கத் தயாராக இருக்க வேண்டும். இந்த வார்த்தைகளை வைத்தே இதயத் துடிப்பை ஏற்றலாம். நானறிந்து நம் தொடர்களில் சிக்னல் என்றால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

இனி எங்கள் ஊரைப் பற்றி. வடசென்னையில் தண்டவாளத்தைக் காட்டினால் அடுத்த காட்சியில் கத்தி வரும். யார்டில் துரத்தல், வேகனுக்கு அடியில் பிணம். பேசின் பிரிட்ஜ் டிப்போவில் சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் கழுவி, தண்ணீர் ஏற்றி, அடியில் பள்ளத்தில் இறங்கி ஒவ்வொரு பிரேக் கட்டையாகச் சோதித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அது ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் இடம். சுத்தியலும் ஸ்பானருமாகத் தினமும் பாதையில் நடக்கும் கீமேனை ஒரு தொடரிலாவது பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறீர்களா?

சரித்திரத்தைத் தொடுவதானால் தாராளமாகத் தொடுங்கள், கொஞ்சம் சரிபார்த்துவிட்டு. ராயபுரம் ஸ்டேஷன் முன்னால் நின்றுகொண்டு ‘இந்தியாவின் முதல் ரயில் நிலையம்’ என்று பேச வேண்டாம். முதல் பயணிகள் ரயில் 1853இல் பம்பாயில் ஓடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலையில் ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி. அந்தக் கட்டடம் இன்னும் நிற்பதே போதுமான பெருமை. அதற்கும் முன்னால் 1837இலேயே, ரோடு போடக் கல் ஏற்றிவர, செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஆர்தர் காட்டன் ஒரு ரயில்பாதை போட்டார். இது எங்கள் பக்கத்துக் கதை. யாராவது எடுத்திருக்கிறீர்களா? 1855இல் இங்கிலாந்தில் செய்த இஐஆர்-21 நீராவி எஞ்சினை, பல்லாண்டுகள் செயலற்று நின்றதைப் பிரித்துக் கோத்து 2010இல் மறுபடி ஓடவைத்தவர்கள் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள். அதற்கு நீராவி ஊதல் போடுங்கள். அங்கே நாங்களே கேட்டு வாங்கிப் போடுவோம்.

அமெரிக்க நிலக்கரி வண்டியைப் பார்த்துவிட்டு எங்கள் பையன்கள் கேட்ட கேள்வியை அப்படியே உங்களிடம் தள்ளிவிடுகிறேன். எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ரேக் போகிறது. கிட்டத்தட்ட 58 வேகன், சுமை மட்டும் 3,500 டன்னுக்கும் மேல். கப்பலில் வந்த கரி, எண்ணூர்க் காற்றில் கறுத்த சட்டையோடு நிற்கும் ஆட்கள், மேற்கே திரும்பி அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம். வழியில் எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு லூப் லைன் என்ற பக்கப் பாதையில் காத்துக் கிடப்பார்கள். எப்போது பச்சை விழும் என்று கேபினில் யாருக்கும் தெரியாது. கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தால் சரியாக அப்போதுதான் சிக்னல் விழும் என்று லோகோ பைலட் அய்யா சத்தியம் செய்கிறார். இந்த ஒரு ரேக்கைத் துறைமுகத்தில் பிடித்து மேட்டூரில் விட்டால் உங்களுக்கு ஒரு தொடரின் முதல் பகுதி கிடைத்துவிடும். கத்தவே தேவையில்லை. கத்தினாலும் பையன்கள் பார்ப்பார்கள், அது வேறு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒலிக்கலவை முடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் பெரம்பூர் பக்கம் வாருங்கள். லோகோ பைலட் அய்யாவைக் கண்ணை மூடி உட்காரவைத்து உங்கள் தொடரைப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் எந்த எஞ்சின், எந்த இடத்தில் பாலம் என்று அவர் சொல்லச் சொல்லத் திருத்திக்கொள்ளலாம். பையன்கள் டபிள்யூஏபி-7 கிளம்பும் சத்தத்தையும், பேசின் பிரிட்ஜ் பாயிண்ட் சத்தத்தையும், மழையில் ராயபுரம் வழியாகப் போகும் கூட்ஸ் வண்டியின் சத்தத்தையும் நல்ல மைக் வைத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள், இலவசமாகத் தருவார்கள். பணம் வேண்டாம். பகல் சாப்பாடு உங்கள் செலவு, ஃபிட்டர் அண்ணனுக்கு மட்டும் இரண்டு துண்டு வஞ்சிரம் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னை ரயில் கிறுக்கர்கள் சார்பில்,
வியாசர்பாடிக்காரன் ஒருவன்