ஸ்கூல் வானில் தூங்கும் பெரிய பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய வகுப்புப் பிள்ளைகள் காலையில் தூங்கி வழிவதற்குக் கைத்தொலைபேசிதான் காரணம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. மீதியைக் கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டிக்கு 24 வருடம் ஸ்கூல் வான் ஓட்டிய நான் சொல்கிறேன்.

நான் ஓடத் தொடங்கியது 1995இல். அப்போது எந்தப் பிள்ளையின் கையிலும் போன் இல்லை. முதல் பிள்ளையை 5.40க்கு ஏற்றுவேன். இரண்டாம், மூன்றாம் ஆண்டுச் சின்னதுகள் ஏறும்போதே கதை தொடங்கிவிடும். புறக்கோட்டை தாண்டுவதற்குள் இரண்டு சண்டை முடிந்திருக்கும். பத்தாம் ஆண்டுக்கு மேற்பட்டவர்கள் கண்ணாடியில் தலையைச் சாய்த்தால் காலிமுகத்திடல் கடல்காற்றுக்கும் அசையமாட்டார்கள். ஒரு பையனை முதலாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை ஏற்றினேன். சின்ன வயதில் வழியில் வரும் பஸ் இலக்கங்களையெல்லாம் கத்திச் சொல்லுவான். பதினாலு வயதுக்குப் பிறகு அவனைத் தட்டி எழுப்பித்தான் இறக்கவேண்டும். சோம்பேறி என்று நானும் ஏசியிருக்கிறேன்.

உயிரியல் படிப்பிக்கும் என் மகள்தான் விளக்கினாள். மூளைக்குள், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புக் கலங்கள் ஒரு மணிக்கூடு போல ஓடுகின்றனவாம். காலை வெளிச்சம் அதைத் தினமும் சரிப்படுத்துகிறது. பருவ வயதில் நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கிறது. பத்து மணிக்குப் படு என்று அதட்டினால் படுப்பான், நித்திரை வராது. போன் வெளிச்சம் அதை இன்னும் பிந்த வைக்கும். வாசகர் சொன்ன பாதி அதுதான்.

1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள்; மற்ற அரை 2006 ஏப்ரலில்தான் வந்தது. பழைய நேரமா புது நேரமா என்று ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தாய்மார் டோர்ச்சோடு ஒழுங்கை முனையில் நிற்பார்கள். மணிக்கூட்டு முள்ளைத் திருப்ப ஒரு நிமிடம் போதும். உடம்பு வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. எனக்கே பாருங்கள், வானை விற்றும் இன்னும் 4.10க்கு விழிப்பு வந்துவிடுகிறது.

கலிபோர்னியாவில் 2022இலிருந்து பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்று சட்டம். இங்கே மணி 7.30க்கு அடிக்கிறது. உயர்தர வகுப்புகளையாவது 8.15க்குத் தொடங்கிப் பார்க்கலாமே? கந்தோருக்குப் போகிற பெற்றோருக்குக் கஷ்டம், தெரியும். வான்காரர்களுக்கும் இரண்டு ஓட்டம், இரட்டை டீசல். அந்த நாளில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்புறம் மாதக் காசைக் கொஞ்சம் கூட்டித் தரச்சொல்லி ஒத்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்கூல் வான் சாரதி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13