அங்கேயும் புவியீர்ப்பு இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில், 'விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு கிடையாது, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள்' என்று போட்டிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. அந்த நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகிற தூரம்கூட இல்லை. தரையில் இருக்கும் புவியீர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும், பூமியைச் சுற்றாது. உண்மையில் அது பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. கூடவே மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுவதால், அது விழுகிற அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. வீரர், அவர் பேனா, நிலையம் எல்லாம் சேர்ந்தே விழுகின்றன. காலுக்குக் கீழே எதுவும் அழுத்துவதில்லை, அதனால் மிதக்கிறார்கள். நிலாவும் இப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது. 31 வருடம் கரும்பலகையில் இதை வரைந்தவள் நான்.

செவ்வாய்க்கிழமை என் பேத்தி வகுப்புத் தேர்வில் 'எல்லாம் சேர்ந்து விழுவதால்' என்று எழுதினாள். தவறு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். கேட்டதற்கு, "பேப்பரிலேயே போட்டிருக்கே" என்று பதில். "பாட்டி, மிஸ் சரியா, நான் சரியா?" என்று குழந்தை அழுதது. ஒரு மார்க் போனதற்காக நான் இதை எழுதவில்லை.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் நினைவிருக்கிறதா? தாம்பாளத்தில் உலக்கை தானாக நிற்கிறது, கிரகணத்தின் ஈர்ப்பு என்று படம் போட்டீர்கள். கிரகணம் முடிந்த மறுநாளே எங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அதே உலக்கையை நிறுத்திக் காட்டினேன். அடிப்பாகம் தட்டையாக இருந்து, எடை அதன் மேல் நேராக இறங்கினால் எந்த நாளும் நிற்கும். நிலாவும் சூரியனும் சேர்ந்து செய்கிற மாற்றம் புவியீர்ப்பில் கோடியில் ஒன்றிரண்டு பங்குதான். அது கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதத்தை உண்டாக்கும், காசிமேட்டு மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உலக்கையைத் தூக்கி நிறுத்தாது. அப்போதும் கடிதம் போட்டேன், வரவில்லை.

அப்புறம், ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்புள்ள கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று நீங்கள் போட்ட அந்தக் கட்டுரை. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும் பூமி இதே பாதையில்தான் சுற்றும். நமக்கு வெளிச்சம்தான் போகும்.

இந்த ஊர் மாநிலக் கல்லூரியில் படித்த இயற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டார். எரிந்து ஓய்ந்த நட்சத்திரத்தின் எடை ஓர் அளவைத் தாண்டினால் தன் ஈர்ப்பைத் தானே தாங்க முடியாது என்று கண்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்று நாம் சொல்லும் அளவு. 1983இல் நோபல் பரிசு வந்தது. வாயுவும் தூசியும் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டு நட்சத்திரமாவதும், நட்சத்திரங்கள் கூடிப் பால்வீதி போன்ற மண்டலமாக நிற்பதும் இதே ஈர்ப்பால்தான். அவர் நடந்த ஊரின் பிள்ளைகளுக்கு இதைச் சரியாகச் சொல்ல நம்மால் முடியாதா? ராசிபலனுக்குத் தினமும் இடம் இருக்கிறதே.

நான் கேட்பது நான்கு வரித் திருத்தம். அடுத்த ஞாயிறு, அதே சிறுவர் பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். வெட்டி எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தனுப்புகிறேன், அவள் மிஸ்ஸிடம் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை